தாய் பெயர்

சர்க்கார் அறிவிப்பை நான்தான் ஒட்டினேன்,
பேரீச்சந் தோப்பு வாசலில், மசூதிக் கிணற்றடியில்,
மீன் ஏலம் போடும் கொட்டகைத் தூணில்.
புதய்யாவில் நிற்கிறது உயர்ந்த ஜாதிப் பொலிகுதிரை.
பெயர் கேப்டன். நிறம் செம்பழுப்பு.
பெட்டைக் குதிரை வைத்திருக்கும் குடியானவர்கள்
காலை ஆறு முதல் எட்டு வரை கொண்டுவரலாம்.
சினைப்பட்டால் ஐந்து ரூபாய்.
படாவிட்டால் பணமில்லை.

பம்பாயிலிருந்து வந்த கப்பலை நடுக்கடலில் நிறுத்தி
வயிற்றுக்கடியில் கித்தான் கட்டி
அதைப் படகுக்குள் இறக்கினார்கள்.
நான்கு குளம்பும் கொஞ்ச நேரம் வானத்தில் நடந்தன.
கூட வந்த கம்பவுண்டர் நான்.
எனக்குக் கயிற்றேணி.

முதல் வாரம் யாரும் வரவில்லை.
இரண்டாம் வாரம் சிறுவர்கள் வந்து
அது மூத்திரம் பெய்வதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.
குதிரைமசால் கட்டு விற்பவன்தான் உண்மையைச் சொன்னான்:
இந்தத் தோப்புகளில் நீர் இறைப்பது மாடு,
சுமப்பது கழுதை,
குதிரை பெரிய வீட்டுப் பண்டம்.
துரைக்கு அதை எழுதலாம் என்றால்
வாராந்தர அறிக்கையில் அதற்குக் கலம் இல்லை.

இருபதாம் நாள் ஸுவைத் வந்தார்.
ஒரு கண்ணில் பூ விழுந்தவர்.
பின்னால் வெள்ளைப் பெட்டை, கயிறில்லாமல்.
கேப்டன் கொட்டகைப் பலகையை உதைத்தான்.
ஸுவைத் அவசரப்படவில்லை.
பல்லைப் பார்த்தார். குளம்பைத் தட்டிக் காது கொடுத்தார்.
வால் எடுப்புக்கு மட்டும் தலையசைத்தார்.
பிறகு கேட்டார்:
இவன் தாய் பெயர் என்ன?

டிப்போவில் நகலெடுத்த தாளை விரித்தேன்.
தகப்பன் இருந்தான். தகப்பனுக்குத் தகப்பன் இருந்தான்.
பந்தயத்தில் ஜெயித்த பாட்டன் ஒருவன்,
அவன் ஜெயித்த தேதியோடு இருந்தான்.
தாய்க்கு நேரே ஒரு கோடு.

இவள் ரீமா, என்றார் அவர்.
ரீமாவைப் பெற்றவள் ஸஅதா, ஸஅதாவைப் பெற்றவள் வத்ஹா,
வத்ஹாவைப் பெற்றவள்...
ஏழாவது பெயரில் நிறுத்தினார்,
மூச்சு வாங்க, முடிந்துபோய் அல்ல.

ஐந்து ரூபாய். முதல் ஐந்து ரூபாய்
கைநீட்டும் தூரத்தில் நின்றது.
செல்லக்கனி, என்றேன்.

யோசிக்குமுன் வாயைவிட்டுப் போயிருந்தது,
என்னைப் பெற்றவளின் பெயர்.
வேலை மனுவில் அதை யாரும் கேட்கவில்லை,
கப்பல் சீட்டிலும் கேட்கவில்லை.
தவசிமுத்து, தகப்பன் பெயர் ஞானாபரணம்,
அத்தோடு சரி என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

ஷெல்லக்கனி,
நாக்கில் புரட்டிப் பார்த்தார் ஸுவைத்.
நல்ல பெயர்.
அவளைப் பெற்றவள்?

அம்மாவைப் பெற்றுப்போட்ட அன்றே போய்விட்டாள் அவள்.
வீட்டில் எல்லோரும் அவளை
‘போனவள்’ என்றுதான் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்த அரபியில்
போனவள் என்றால் கடைக்குப் போனவள்,
திரும்பி வருவாள் என்று அர்த்தம்.

காத்திருந்தார். சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டம்.
ரீமாவின் நெற்றிமயிரை ஒதுக்கிவிட்டு
தெரிந்ததும் சொல்லி அனுப்பு என்றார்.
கேப்டன் வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தான்.

அன்று அந்திக்கு, நேரங்கெட்ட நேரத்தில்,
மஹ்தி தன் பெட்டைக் கழுதையோடு வந்தான்.
தாய் தகப்பன் விசாரிக்கவில்லை.
மூன்று ரூபாய்தான் தருவேன் என்றான்.
கேப்டனும் எதுவும் விசாரிக்கவில்லை.
நான் விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டேன்,
பேரேட்டில் எதையும் எழுதவில்லை.

மறுவருஷம் பழம் இறக்கும் காலத்தில்
தோப்புச் சந்தில் அதைப் பார்த்தேன்.
குதிரை முகம். கனைக்கத் தொடங்கி
கழுதையாக முடிக்கும் குரல்.
மூன்று ரூபாய் அந்த மாசமே வந்திருந்தது;
என் மேல்சட்டைப் பையில் ஈரமாகிக் கிடந்தது.

புதய்யாவில் எந்தப் பேச்சுக்கும் சுவர் கிடையாது.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிறுவன் கூப்பிட்டான்:
ஷெல்லக்கனி!
அதுவும் நானும்
ஒன்றாகத் திரும்பினோம்.